மாட்டைக் காணாத கைபிடி

கேள்வி: ஐயா, ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா பெற்றோல் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன், ஓட்டோ கியர். ஸ்டியரிங்கின் வலப்பக்கம் கீழே சின்னக் கைபிடி ஒன்று நிற்கிறது. குறூஸ் கொன்ட்ரோலாம். வவுனியாவிலிருந்து வீடு வரைக்கும் அதைப் போட்டுவிட்டு ஓடலாமா? மாடு குறுக்கே வந்தால் தானாக நிற்குமா?
— வாசகர், பரந்தன்

பதில்: நிற்காது தம்பி. முன்னால் மாடு நிற்கிறதா, லொறி நிற்கிறதா என்று பார்க்கக் கண் எதுவும் அதற்கு இல்லை.

பரந்தன் என்கிறீர்கள், உழவு இயந்திரம் ஓடிப் பார்த்திருப்பீர்கள். கலப்பை இறுகின மண்ணில் இறங்கியதும் எஞ்ஜின் முக்கும். உடனே கவர்னர் டீசலைக் கூட்டிவிடும், சத்தம் பழையபடி வரும். உங்கள் காரிலும் அதே வேலைதான். சில்லு சுழலும் வேகத்தை ஒரு சென்சர் காரின் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் குறித்துவிட்ட வேகத்துக்கு அது குறைந்தால், காற்றுப் போகும் வால்வைச் சின்ன மோட்டார் ஒன்று கூடத் திறக்கும், மிஞ்சினால் மூடும். இன்னும் பழைய கார்களில் எஞ்ஜினின் உறிஞ்சலில் வேலை செய்யும் டயபிரம் ஒன்று கேபிளை இழுக்கும். எவ்வளவு குறைந்தது என்பதோடு, எவ்வளவு நேரமாகக் குறைந்து கிடக்கிறது என்பதையும் கணினி சேர்த்துப் பார்க்கும். அதனால்தான் ஏற்றத்தில் கார் கொஞ்சம் தளர்ந்து, பிறகு மெல்ல எட்டிப் பிடிக்கிறது. பிறேக் மட்டும் அதன் கையில் இல்லை. செங்குத்தான இறக்கத்தில் குறித்த வேகத்தைத் தாண்டியே ஓடும்.

குறூஸ் கொன்ட்ரோலுக்குக் காப்புரிமை பெற்றவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், 1950இல். ஐந்து வயதில் பார்வை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் பேச்சுக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டிய குலுக்கல் தாங்காமல்தான் இதை யோசித்தார் என்பார்கள். 1958இல் கிறைஸ்லர் கார்களில் வந்தது.

பகலில், காய்ந்த வீதியில், ஓமந்தை தாண்டி வெளியான இடத்தில் போட்டுப் பாருங்கள். கைபிடியின் முனையை அமத்தி, 70 வந்ததும் கீழே தட்டினால் பிடித்துக்கொள்ளும். ஊர்மனைக்கு வெளியே காருக்குச் சட்டம் விடுவதும் அந்த 70தான். பிறேக்கைத் தொட்டால் விட்டுவிடும். மேலே தட்டினால் பழைய வேகத்தைத் தேடி ஓடும். இங்கேதான் கவனம்: புளியங்குளத்தில் 45க்கு இறக்கிவிட்டு, சந்தி தாண்டமுன் மேலே தட்டினால், சைக்கிளும் சனமும் நிற்கும் இடத்திலேயே கார் 70ஐ நோக்கிப் பாயும்.

மாரி மழையில் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தேங்கின இடத்தில் சில்லு வழுக்கும்போது கால் அக்சிலேற்றரில் இருந்தால்தான் அது உங்களுக்குத் தெரியும். இரவிலும் வேண்டாம், தார் சூட்டுக்கு மாடுகள் வீதியில் வந்து படுத்துவிடும். 70இல் கார் ஒரு நொடிக்கு 19 மீற்றர் போகும். சும்மா நீட்டி வைத்த காலைத் தூக்கிப் பிறேக்குக்குக் கொண்டுவர அந்த ஒரு நொடி போய்விடும்.

முறிகண்டி வரமுன் எப்படியும் நிறுத்திவிடுங்கள். பிள்ளையார் கோயிலைக் கண்டதும் கும்பிட்டுப் போக முன்னால் போகிற வான் சிக்னல் போடாமலே ஓரங்கட்டும்.