புளியங்கூடலில் தங்கி முற்றவெளியில் பாட்டுக் கேட்க

யாழ்ப்பாணம் முற்றவெளியில் பெரிய இசை நிகழ்ச்சி என்று அறிவித்தல் வந்தால், நகரத்துக்குள் அறை தேடி அலையாதீர்கள். தீவகத்தில் சொந்தமோ சிநேகிதமோ இருந்தால் அங்கே தங்குங்கள். எங்கள் புளியங்கூடலாக இருந்தால் இன்னும் நல்லது. வேலணைக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையில் இருக்கிறது. நகரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். ஹோட்டல் எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாடு போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. முன்கூட்டியே கேட்டு ஒன்றைத் திறப்பித்து வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர், குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

தனியாகப் போகாதீர்கள். பெரிய கச்சேரிக்கு முதன்முதலில் போகிறவர் கூட்டாளிமாரோடுதான் போகவேண்டும். வேன் ஒன்று பிடித்து வாடகையைப் பங்கு பிரியுங்கள், பெரிய காசு வராது. பின்னேரம் நான்கு மணிக்குள் கிளம்பிவிட்டால் சரவணை, வங்களாவடி, மண்கும்பான், அல்லைப்பிட்டி கடந்து பண்ணைப் பாலத்துக்கு வெயில் சாயும் நேரம் வந்துவிடலாம். உலகத்தில் எந்த மண்டபத்துக்குப் போகும் வழியும் இதற்கு ஈடாகாது என்பேன். இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல், சிறகுவலைத் தடிகள், அவற்றின்மேல் பறவைகள், நேர் எதிரே கோட்டை மதில். வேன் கண்ணாடிகளை இறக்கிவிட்டு எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டே போங்கள். கச்சேரி அங்கேயே தொடங்கிவிடும்.

முற்றவெளி கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. பொது நூலகமும் சுப்பிரமணியம் பூங்காவும் நடை தூரம். உள்ளே போகுமுன் ஓரிடத்தில் நில்லுங்கள்: 1974 ஜனவரி 10 அன்று, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தவர்களுக்கான நினைவிடம் இந்த வெளியில்தான் இருக்கிறது. தமிழைக் கேட்கத் திரண்ட கூட்டம் அது. அதே நிலத்தில் நாம் பாட்டுக் கேட்கப் போகிறோம். செருப்பைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் கூட்டத்தின் முதல் பெரிய கச்சேரி, 2023 ஒக்டோபர் 21 அன்று நடந்த இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் ‘யாழ் கானம்’. அனுமதி இலவசம். அதுவரை நாங்கள் கண்ட மேடை, கோயில் திருவிழாவில் விடியும்வரை நடக்கும் இசைக்குழுவும் மேளக் கச்சேரியும்தான். அங்கே பாடுகிறவரின் வியர்வை தெரியும். இங்கே மனிதர் விரலளவு, சத்தம் நெஞ்செலும்பில் வந்து இடிக்கிறது. பறையின் முதல் அடி விழுந்தபோது என் பக்கத்தில் நின்ற கூட்டாளி ஒன்றும் பேசாமல் என் கையை இறுக்கிப் பிடித்தான். ஊரிலிருந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்த தகப்பன்மார், முன்னே பின்னே அறியாத பெடியளுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டிய ஆச்சிமார், எல்லோரும் ஒரே பாட்டை ஒரே மூச்சில் பாடினார்கள். இதற்காகவே மறுபடியும் வரலாம்.

மற்றதையும் சொல்லத்தான் வேண்டும். 2024 பெப்ரவரி 9, இதே வெளியில் ஹரிஹரன் பாடிய இரவு. டிசம்பரில் நடக்க இருந்து தள்ளிப்போன நிகழ்ச்சிக்கு, திரை நட்சத்திரங்கள் தமன்னாவும் யோகி பாபுவும் வருகிறார்கள் என்று வட மாகாணமே திரண்டு வந்தது. பின்னால் நின்ற சனம் தடுப்புகளைத் தள்ளி விழுத்திக்கொண்டு முன்னே பாய்ந்தது. காசு கொடுத்து அமர்ந்திருந்தவர்களின் கதிரைகள் காலுக்குக் கீழே நொருங்கின. பாட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு தாய் பிள்ளையின் பெயரைக் கத்திக்கொண்டு எங்களை இடித்துப் போனார். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை. ஹரிஹரனைப் போன்ற பாடகரை நம் வாசலுக்கு அழைத்துவைத்து, அவர் பாடுவதைக் கேட்கவிடாமல் செய்தது நம் பிள்ளைகளே என்பதுதான் கோபம்.

ஆகவே மேடைக்கு முன்னால் முண்டியடிக்காதீர்கள். கோட்டைப் பக்கமாக, ஓரமாக, வெளியேற வழியுள்ள இடத்தில் நில்லுங்கள். சத்தம் அங்கேயும் நன்றாகவே கேட்கும். கூட்டத்தில் கைபேசி வேலை செய்யாது. பிரிந்துபோனால் பூங்கா வாசலில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். சாப்பாட்டை முன்னரே முடித்துவிடுங்கள்.

முடியும் நேரத்துக்குத் தீவகத்துக்கு பஸ்ஸை நம்ப வேண்டாம். வேனைக் காக்கவையுங்கள். வெளியே வந்தவுடன் சுற்றிக்கொள்ளும் ஓட்டோக்காரரில் சிலர் பகல் கூலியின் பல மடங்கு கேட்கிறார்கள். களைத்து நிற்கும் பிள்ளைத்தாய்ச்சியிடமும் அதே விலை சொன்ன ஒருவரை என் கண்ணால் கண்டேன். பேரம் பேசாமல் விலகி நடங்கள்.

அடுத்த நாள் நன்றாகத் தூங்குங்கள். பின்னேரம் சாட்டிக் கடற்கரை: வெள்ளை மணல், அலையற்ற கடல், தீவகத்தில் எனக்கு இதற்கு மேல் ஓரிடம் இல்லை. காலில் தெம்பு இருந்தால் ஊர்காவற்துறைக்குப் போய்க் கரையிலிருந்து கடற்கோட்டையைப் பாருங்கள். அங்கிருந்தே ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறிக் காரைநகருக்கும் கடக்கலாம். அங்குள்ள கசூரினா கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். நயினாதீவுக்கு குறிகட்டுவானில் காலைப் படகு. அம்மன் திருவிழாக் காலமென்றால் இறங்குதுறையில் நெரிசல் கூடுதலாகவே இருக்கும், வயதானவர்களை அன்று கூட்டிப் போகவேண்டாம்.