சொல்லும் பொருளும்: 'ஜுண்டா' என்றால் என்ன?



2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் (நம்ம பாட்டி காலத்து பர்மா) தேர்தலில் ஜெயித்தவர்களைக் கைது செய்துவிட்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்போது பேப்பரிலும் டிவியிலும் 'ராணுவ ஜுண்டா' என்ற சொல் அடிக்கடி வந்தது. "ஜுண்டான்னா ஒரு ஆளா? கட்சியா?" என்று நம் உறுப்பினர்கள் கேட்டதுண்டு.

ஆளும் இல்லை, கட்சியும் இல்லை. அது ஒரு குழு! ராணுவத் தளபதிகள் சிலர் சேர்ந்து, ஜனங்களிடம் ஓட்டு வாங்காமல் நாட்டை ஆண்டால் அந்தக் குழுவுக்கு ஜுண்டா என்று பெயர். தமிழில் ராணுவ ஆட்சிக்குழு எனலாம்.

சொல் பிறந்த கதை

இது ஸ்பானிய மொழிச் சொல். அவர்கள் 'ஹுந்தா' என்பார்கள். 'ஒன்று சேர்ந்தது', 'கூட்டம்' என்று பொருள். 'சேர்' என்ற அர்த்தமுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. பேங்கில் 'ஜாயின்ட் அக்கவுண்ட்' என்கிறோமே, அந்த ஜாயின்ட்டும் இதே வேரில் பிறந்ததுதான்.

ஆரம்பத்தில் இது கெட்ட சொல் இல்லை. 1808-ல் பிரான்சின் நெப்போலியன் ஸ்பெயின் ராஜாவைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன் அண்ணனை அங்கே ராஜாவாக்கினார். ஸ்பெயின் மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு ஊர் குழு அமைத்து எதிர்த்தார்கள். அந்தக் குழுக்களுக்குப் பெயர் ஹுந்தா.

கடல் தாண்டியும் இது பரவியது. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. 1810 மே 25 அன்று பியூனஸ் அயர்ஸ் நகரத்தில், ஸ்பெயின் வைத்த வைஸ்ராயை இறக்கிவிட்டு ஒரு ஹுந்தா பொறுப்பேற்றது. அதன் நினைவாகத்தான் நகரின் நடுவே உள்ள இடத்துக்கு 'மே சதுக்கம்' என்று பெயர்.

பொருள் மாறியது எப்படி?

அதே ஊரில் 1976 மார்ச் 24 அன்று தரைப்படை, கப்பற்படை, விமானப்படைத் தளபதிகள் மூன்று பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களும் தங்களை ஹுந்தா என்றே சொல்லிக்கொண்டார்கள். பெயர் பழசு, வேலை வேறு. எதிர்த்துப் பேசியவர்களை இரவோடு இரவாகத் தூக்கிப் போனார்கள். காணாமல் போனவர்கள் 30,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன.

"எம் புள்ள எங்கே?" என்று கேட்ட தாய்மாருக்கு எந்த ஆபீசிலும் பதில் இல்லை. 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டம் கூடக்கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். சரி, நகர்கிறோம் என்று ஜோடி ஜோடியாகச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். பிறகு வாராவாரம் வியாழக்கிழமை நடந்தார்கள், தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு. முன்னால் நின்ற அசுசேனா வில்லாஃப்ளோரையும் வேறு இரண்டு தாய்மாரையும் அந்த டிசம்பரில் கடத்திக் கொன்றார்கள். அப்படியும் நடை நிற்கவில்லை.

1983-ல் தேர்தல் வந்தது, ராணுவ ஆட்சி முடிந்தது. 1985-ல் தளபதிகள் 9 பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். 5 பேருக்குத் தண்டனை கிடைத்தது.

நமக்கு என்ன பாடம்?

மூன்று தளபதிகளும் ஒரு குழு. 14 தாய்மாரும் ஒரு குழு. சேர்வது மட்டும் போதாது. யாரைக் கேட்டுச் சேர்ந்தார்கள், யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். நம்ம குழுவிலும் ஊக்குநரும் பிரதிநிதியும் வருஷக்கணக்கில் மாறாமல், தீர்மான நோட்டை வாசிக்காமல் கையெழுத்து மட்டும் வாங்கினால் அதுவும் ஒரு குட்டி ஜுண்டாதான். கேள்வி கேட்கிற உறுப்பினரை "இவ எப்பவும் இப்படித்தான்" என்று ஒதுக்காதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் ஊக்குநர், பிரதிநிதியைக் கடைசியாக எப்போது மாற்றினோம்?
2. போன மாத வரவு செலவை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினோமா?
3. கூட்டத்தில் இதுவரை வாய் திறக்காத சகோதரி யார்? இந்த வாரம் முதலில் அவரைப் பேசச் சொல்வோமா?