பிப்ரவரி 31 என்று கேட்டால்

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இருந்த இடத்தில் மரியாடிபியை வைத்தாலும், அதை மாற்றி வைத்தாலும், நிரல் அப்படியே ஓடும் என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான், 2009-ல் மைஎஸ்கியூஎலிலிருந்துதான் மரியாடிபி பிரிந்தது. ஆனால் அந்த ஒற்றுமை சரியான உள்ளீட்டுக்கு மட்டுமே. பிப்ரவரி 30-ஐச் சேமிக்கச் சொன்னால், இன்றைய இயல்பு அமைப்பில் இரண்டுமே மறுக்கும். அதைப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்று என நம்புவதில்தான் ஆபத்து. '0000-00-00' கொடுத்துப் பாருங்கள்: மைஎஸ்கியூஎல் 5.7 முதல் 1292 என்ற பிழை வரும். மரியாடிபி சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். 10.2.4 பதிப்பு முதல் அதுவும், தவறான மதிப்பை மறுக்கும் கண்டிப்பு முறைக்கு வந்துவிட்டது, ஆனால் பூஜ்ஜியத் தேதிக்கான தடையை இயல்பமைப்பில் சேர்க்கவில்லை.

எழுதுவதைவிடத் தேடுவதில் சிக்கல் அதிகம். மாத அறிக்கைக்கு, எந்த மாதமானாலும் 31 வரை என்று எழுதுவது நம்மிடையே ஊறிய பழக்கம். பழைய மைஎஸ்கியூஎல், '2023-02-31'-ஐத் தேதியாக மாற்ற முடியாவிட்டால் இரு பக்கத்தையும் வெறும் எழுத்துச்சரமாக ஒப்பிட்டது. விடை தற்செயலாகச் சரியாகவே வந்தது. 2019-ல் வந்த 8.0.16 அந்தச் சலுகையை நிறுத்தி, 1525 என்ற பிழையோடு வினவலையே நிராகரிக்கிறது. மரியாடிபியிலோ பிப்ரவரி 30-க்குச் சமமான வரிசைகளைக் கேட்டால், ஓர் எச்சரிக்கையும் காலியான விடையும்தான். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? என்னைக் கேட்டால், காலி விடையைவிடப் பிழையே மேல்.

உள்ளீட்டை நிரலே சரிபார்க்கிறதே என்பார்கள். படிவத்தைச் சரிபார்க்கும், மாத இறுதியை நிரலே கட்டும்போது யார் சரிபார்ப்பது? கண்டிப்பு முறையை அணைத்துவிட்டால் போதும் என்பது இன்னொரு வாதம். அணைத்தால் பிப்ரவரி 30, '0000-00-00' ஆகப் பதிவாகும். உண்மையான தவறு என்னவென்று பிறகு கண்டுபிடிக்க வழியே இருக்காது. எனவே இந்தக் கண்டிப்பைத் தீர்மானிக்கும் எஸ்கியூஎல் மோடை சர்வரின் இயல்புக்கு விடாமல், இணைப்பிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். '31 வரை' என்பதை 'அடுத்த மாதம் 1-க்கு முன்' என்று மாற்றுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் முன் பூஜ்ஜியத் தேதிகளைத் தேடி, தேதி தெரியாதவற்றை நல் (NULL) ஆக்குங்கள். சோதனைத் தொகுப்பில் பூஜ்ஜியத் தேதி, பிப்ரவரி 30, காலிச் சரம் மூன்றும் இருக்கட்டும். சேமிப்பதற்கும் தேடுவதற்கும் தனித்தனியே.