புதுச்சேரிக்குப் பிறகு போகலாம்

திருவண்ணாமலை
வியாழன் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேலையில் சேர்ந்த பிறகு முதல்முறையாக மூன்று நாள் லீவு, கூட வர இரண்டு சிநேகிதிகள். புதுச்சேரிக்குப் போகலாமா, தரங்கம்பாடிக்குப் போகலாமா என்று பெரியப்பாவைக் கேட்டிருக்கிறாய். புதுச்சேரி என்றதும் உன் அப்பா முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று உனக்கே தெரியும். இங்கிருந்து அங்கே போகிற பஸ்ஸில் எல்லாரும் பிரெஞ்சுக் கட்டடம் பார்க்கவா போகிறார்கள்? அதை விடு. என் காரணம் வேறு.

பவுர்ணமி அன்று நம் வீட்டில் என்ன செய்வோம்? முந்தின நாளே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் தலையாக நகரும். வந்தவர்கள் பார்த்தது பாதி மலை, பாதி முன்னால் போனவர் முதுகு. சும்மா ஒரு புதன்கிழமை விடியற்காலையில் நீயும் நானும் நடப்போமே, அந்த ஊரை அவர்களுக்குத் தெரியாது. சனி ஞாயிறில் புதுச்சேரி கிட்டத்தட்ட நம் பவுர்ணமிதான். உனக்குக் கிடைத்த மூன்று நாளில் சனி ஞாயிறும் சேர்ந்திருக்கிறது.

புதுச்சேரியைக் குறைத்துச் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர் அங்கே 1674இல் வந்து ஊன்றியவர்கள். ஆனால் இன்று நீ பார்க்கும் வெள்ளை நகரம் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்துத் தெரு இல்லை. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது இருப்பது பிறகு எழுந்தது. பாரதி 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் இருந்த ஊர், அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் நம் செஞ்சியிலிருந்து போனவை. செஞ்சி வழியாகத்தானே போவாய், கோட்டையைப் பார்த்துவிட்டு அந்தத் தூண்களைப் பார்த்தால் கொஞ்சம் வயிறு எரியும். இன்னொன்று, கால் புதைய மணல் கிடைக்கும் என்று அந்தச் சாலைக்குப் போகாதே. 1980களில் துறைமுகச் சுவர் கட்டியபின் மணல் அரித்துப் போய், கருங்கல் கொட்டி வைத்தார்கள். சமீப வருஷங்களில்தான் ஒரு பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. எப்படியும் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஏதாவது ஒரு வார நாளில் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம்.

தரங்கம்பாடிக்கு அப்படிப் போய்வர முடியாது. மயிலாடுதுறையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ரயிலையும் 1986இல் நிறுத்திவிட்டார்கள். அங்கே பஸ் மாறித்தான் போக வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் 1792இல் கட்டிய நகர வாசல். அதற்குள் நுழைந்து நேராக நடந்தால் ராஜா வீதி, முடிவில் கடல். ஊரே அவ்வளவுதான். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. உள்ளே சின்ன அருங்காட்சியகம். கிளம்புமுன் அதற்கு என்றைக்கு விடுமுறை என்று கேட்டுக்கொள். 1845இல், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு வியாபாரம் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. வியாபாரம் போனதால்தான் வீதி பிழைத்தது என்று நினைக்கிறேன்.

நீ அச்சுத் தொழிலில் இருக்கிறாய், அதனால் இதைச் சொல்கிறேன். 1706இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பையன் அங்கே கப்பலிலிருந்து இறங்கினான். வயசு இருபத்துமூன்றோ நான்கோ. தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தான். 1718இல் எழுந்த புதிய எருசலேம் கோயிலுக்குள்ளேயே அடுத்த வருஷம் அவனை அடக்கம் செய்தார்கள். அந்தக் கோயில் ராஜா வீதியிலேயே இருக்கிறது. வடக்கே கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில், 1306ஆம் வருஷத்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. சாயங்காலம் அங்கே உட்கார். நான் ஒரு சித்திரை நண்பகலில் போய்க் கோட்டைத் திடலில் கால் வெந்து ஓடியவன்.

அசௌகரியங்களும் உண்டு. தங்க இடம் கொஞ்சம்தான், முன்கூட்டியே சொல்லிவை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்களுக்குச் சாப்பாடு அகப்படாமல் பொறையார் வரை நடந்து தோசை தின்றோம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரைக்குப் போகவே வேண்டாம். தை, மாசியில் போ. 2004 சுனாமியில் நிறையப் பேரைப் பறிகொடுத்த ஊர் அது. மீனவர் தெருவில் செல்போனை நீட்டுமுன் கேட்டுக்கொள்.

இரண்டு ஊரையும் மூன்று நாளுக்குள் திணிக்கலாமா என்று உன் சிநேகிதி கேட்டாளாம். வேண்டாம் என்று சொல். மூன்று நாளும் தரங்கம்பாடிக்குத்தான்.

கிளம்பும் தேதியை எழுது. பவுர்ணமியாக இருந்தால் முந்தின நாளே பஸ் ஏறிவிடு. அன்றைக்கு வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியேயே நிறுத்திவிடுவார்கள்.

அன்புடன்,
பெரியப்பா