கொல்லைக் கொன்றை இலை கொட்டுகிறதா?

மட்டாஞ்சேரியின் நெருக்கமான தெருக்களிலும் வீட்டுக்குப் பின்னால் கைப்பிடி இடம் இருந்தால், விஷுப் பூவுக்கென்று ஒரு கொன்றை நிற்கும். அது இலை உதிர்த்துத் தளர்ந்ததும் பூச்சிமருந்து தேடி ஓடுகிறோம். இந்தக் காயல் கரை மண்ணில் கோளாறு இலையில் இருப்பது குறைவு. பெரும்பாலும் தரையில்தான் இருக்கும், அதுவும் சில வருடங்களுக்கு முன் நாமே தரைக்குச் செய்த காரியத்தில்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள். மாசி, பங்குனியில் கொன்றை இலையைக் கழித்துவிட்டுத்தான் பூக்கும். ஈழத்தலரியும் தூங்குமூஞ்சி மரமும் வறண்ட மாதங்களில் இலை உதிர்ப்பவைதான். இவற்றுக்கு வைத்தியம் வேண்டாம். ஆடி மழையில் மரம் மொட்டையாக நின்றால் அப்போது கவலைப்படுங்கள்.

2. உதிர்வு எங்கே தொடங்கியது? ஒரே ஒரு கிளை மட்டும் வாடினால் அந்தக் கிளையில் துளைப்பான் புழுவின் ஓட்டையோ மரத்தூளோ இருக்கிறதா என்று தேடுங்கள். உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து இறங்கினால் வேரில் சிக்கல். இலை ஓரங்கள் மட்டும் கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள்.

3. கிளை செத்துவிட்டதா என்பதை நகம் சொல்லிவிடும். மெல்லிய கிளையின் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, சுள்ளியாக இருந்தால் கீழே கீழே சுரண்டிக்கொண்டே வந்து, பச்சை தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு பக்கக் கிளை பிரியும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் செய்யுங்கள், இரும்புப் பாத்திரம் ஆகாது.

4. இதுதான் இங்கே அதிகம் நடப்பது. ஓதம் ஏறிக் கொல்லைக்குள் தண்ணீர் வருகிறதென்று ஒரு லாரி செம்மண் இறக்கித் தரையை உயர்த்துகிறோம். வீட்டுக்கு அது அவசியமாக இருக்கலாம். ஆனால் மரத்தின் மெல்லிய உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஓரிரு அடிக்குள்தான் இருக்கிறது. மேலே இன்னும் அரையடி மண் விழுந்தாலே அவற்றுக்குக் காற்று குறைந்துவிடும். மரம் உடனே விழாது. உள்ளே சேர்த்துவைத்த சத்தைக்கொண்டு ஓரிரு வருடம் ஓட்டிவிட்டுப் பிறகுதான் உச்சி காயத் தொடங்கும். அதற்குள் மண் அடித்ததே நமக்கு மறந்துபோயிருக்கும், பழி பூச்சிமேல் விழும்.
 அடிமரத்தைப் பார்த்தாலே தெரியும். தரையைத் தொடும் இடத்தில் அது விரிந்து வேர்களாகப் பிரிய வேண்டும். விளக்குக் கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கினால் அடி புதைந்திருக்கிறது என்று பொருள். கையாலும் களைக்கொத்தியாலும், வேரை வெட்டாமல், அந்த விரிவு தெரியும்வரை மண்ணை விலக்குங்கள். புதைந்திருந்த பட்டை கறுத்து ஈரமாக இருக்கும். அது காற்றில் உலரட்டும்.

5. செம்மண்ணுக்கு மேல் இன்டர்லாக் கல் பதிப்பது அடுத்த அடி. சுத்தமாகத் தெரிகிறது, சேறு இல்லை, உண்மைதான். ஆனாலும் மரத்தைச் சுற்றி மூன்றடிக்காவது கல்லை எடுத்துவிடச் சொல்வேன். எடுத்த இடத்தில் சருகுப் போர்வை போடுங்கள், அது அடிமரத்தைத் தொடக் கூடாது.

6. மழை ஓய்ந்த மாதங்களில் காயல் உப்பேறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் அந்தத் தண்ணீர் கல்வத்தி போன்ற கால்வாய்கள் வழியாகவும் சாக்கடை வழியாகவும் வீடுகளுக்குள் வருகிறது. இறங்கிய பின் மண்ணிலும் மதில் அடியிலும் வெள்ளை பூத்திருந்தால் உப்பு தங்கிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் கோடையில் கரிக்கிறதென்றால் அதையும் மரத்துக்கு ஊற்றாதீர்கள். குடிநீர் சுத்திகரிப்பான் வெளியே தள்ளும் கழிவுநீரிலும் உப்பு செறிவாகத்தான் இருக்கும். தீர்வு ஜூன் மழையில் இருக்கிறது. கூரைக் குழாயின் வாயை மரத்தடிக்குத் திருப்பிவிடுங்கள். வழிந்து வெளியேற ஒரு சிறு வாய்க்காலும் வெட்டினால், மழைநீர் உப்பைக் கழுவிக்கொண்டு போகும்.

7. வேரை நேரில் பாருங்கள். அடிமரத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி ஓரடிக் குழி எடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மண்ணில் காற்று இல்லை. ஒரு மெல்லிய வேரை இரு விரலால் உருவுங்கள். நல்ல வேர் உறுதியாக, உள்ளே வெளுப்பாக இருக்கும். அழுகிய வேரில் தோல் கொழகொழவென்று கையோடு வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் மிஞ்சும்.

8. புது இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. பழைய வீட்டை இடித்த சுண்ணாம்புக் காரையோ சிமெண்ட் கழிவோ கொல்லையில் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அள்ளி அகற்றுவதுதான் முதல் மருந்து.

9. பூச்சி. கொன்றை இலையை நரம்பு மட்டும் விட்டுத் தின்னும் பச்சைப் புழு, வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துவிடும், மரம் மறுபடி துளிர்க்கும். அதைக் கொல்ல வேண்டாம். இலையடியில் வெள்ளைச் சுருள்கள், மேலே கரும்பூசணம் என்றால் சுருள் வெள்ளை ஈ. தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போதாவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். கடும் மருந்து, அந்த ஈயை அழிக்கும் குட்டிக் குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

10. அடிமரத்தில் தட்டுப்போல் கெட்டியான காளான் முளைத்தால் தாமதிக்காதீர்கள். உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது. இலை பச்சையாக இருந்தாலும் பருவக்காற்றில் கூரைமேல் சாயலாம். மழைக்கு முன்பே அனுபவமுள்ள மரவெட்டியை அழைத்துக் காட்டுங்கள்.

11. நோயாளி மரத்துக்கு யூரியா போடாதீர்கள். இருக்கும் உப்போடு அதுவும் சேரும்.

12. பிடிபடவில்லையென்றால் கிருஷி பவனுக்குப் போங்கள். முழுதும் காய்ந்த இலை உதவாது. பாதி கெட்டு பாதி பச்சையான கிளையைக் காகிதத்தில் சுற்றி, வேர்ப்பகுதி மண் அரைக் கிலோவும் எடுத்துச் செல்லுங்கள். தரை உயர்த்திய வருடத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

13. மரம் போய்விட்டால், ஓதம் ஏறும் கொல்லைக்குப் பூவரசும் புன்னையும் பொருத்தம், உப்பைத் தாங்கும். கொன்றையேதான் வேண்டுமென்றால் இரண்டடி மேடு கட்டி, இடவப்பாதி மழை தொடங்கியதும் அதன் உச்சியில் நடுங்கள்.