பிரிட்ஜ் இடையிடையே குளிர் விடுகிறதா?



இப்போது லயத்து வீடுகளிலும் பிரிட்ஜ் வந்துவிட்டது. ஐஸ் பக்கட் செய்து விற்கிற அம்மாமாரும் இருக்கிறார்கள். "ராத்திரி மீன் கல்லு மாதிரி இருந்துச்சு, காலையில தண்ணி விட்டுருச்சு, பிறகு தானா சரியாயிருச்சு" என்று சிலர் சொல்வார்கள். முழுக்க நின்றுபோன பிரிட்ஜை விட இதுதான் ஆபத்து. இளகி மறுபடி உறைந்த மீன் பார்வைக்கு நல்ல மீன்தான். ஆனால் இளகிய நேரத்தில் கிருமி பெருகியிருக்கும். வயிற்றோட்டம் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வரும்.

காசு வைத்துப் பார்ப்போம்

ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு காசு வையுங்கள். காசு மேலேயே இருந்தால் நல்லது. அடிக்குப் போயிருந்தால் ஐஸ் முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அங்கிருந்த மீன், இறைச்சியை வீசிவிடுங்கள். மணத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

எந்த நேரம் என்று பாருங்க

குளிர் விடும் நேரத்தைக் கலண்டரில் குறித்து வையுங்கள். காரணம் அதிலேயே தெரியும்.

1. பொழுது பட்ட பிறகா? எல்லா வீட்டிலும் லைட், ரைஸ் குக்கர் போடும் நேரம் அது. 230 வோல்ட் வரவேண்டிய கரண்ட் மிகவும் குறைந்தால் மோட்டார் முனகி, 'டக்'கென்று நின்றுவிடும். பிரிட்ஜுக்குத் தனி பிளக் கொடுங்கள்.

2. இடிமழைக்குப் பிறகா? இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி அதிகம். டிரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். மலையில் நிற்கிற நமக்குத் தெரியாது. மீண்டும் மீண்டும் விழுந்தால் நீங்களே போட்டுப் பார்க்காமல் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

3. உச்சி வெயிலிலா? இங்கே நுவரெலியாக் குளிர் இல்லை. பின்பக்கக் கம்பியில் தூசும் அடுப்புக் கரியும் படிந்தால் சூடு வெளியே போகாது. பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.

4. நேரம் காலம் இல்லையா? கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். இலகுவாக வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. கால் அங்குலத்துக்கு மேல் ஐஸ் படிந்தால் பிரிட்ஜை நிறுத்தி உருக விடுங்கள். கத்தியால் குத்த வேண்டாம், கேஸ் குழாய் ஓட்டையாகிவிடும்.

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்படியான நேரத்தில் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த பிரீசர் சுமார் 48 மணித்தியாலமும், பாதி நிறைந்தது 24 மணித்தியாலமும் தாங்கும். கீழ்த்தட்டு 4 மணித்தியாலம்தான்.

சீனி வருத்தத்துக்கான இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில், கீழ்த்தட்டில் வையுங்கள். உறைந்த இன்சுலின் உதவாது. சூடுபட்டிருந்தால் வீசவும் வேண்டாம், கேட்காமல் போடவும் வேண்டாம். கிளினிக்கில் காட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராவிட்டால் திருத்துபவரைக் கூப்பிட்டு, அந்தக் கலண்டரைக் காட்டுங்கள். அவர் வரும் நேரத்தில் பிரிட்ஜ் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் குறித்து வைத்ததுதான் அவருக்கு வழி காட்டும்.