கால்கள் கீழே இருக்கட்டும்



யாக்கோபின் கடைசி நேரத்தை வரைந்த உன் கரிக்கோட்டுப் படம் வந்து சேர்ந்தது. 147 வயதுக் கிழவர் மல்லாந்து படுத்திருக்கிறார். சுற்றிலும் பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரி அழுகிறார்கள். கோடு சுத்தம். ஆனால் ஆதியாகமம் 49-ஐ இன்னொரு முறை வாசி.

ஆசீர்வாதம் என்று பேர்தான். மூத்தவன் ரூபன் வாங்கிக்கொண்டது ஆசீர்வாதமா? தகப்பனின் மறுமனையாட்டி பில்காளோடு அவன் படுத்த பழைய கதையைத் தம்பிமார் முன்னால் கிழவர் போட்டு உடைக்கிறார். தண்ணீர்போலத் தளும்புகிறவனுக்கு மேன்மை கிடையாதாம். சீகேமில் வாள் வீசிய சிமியோனும் லேவியும் சிதறிப்போவார்கள். செங்கோல் நாலாவது பிள்ளை யூதாவுக்கு. அப்போது ரூபன் யூதாவை எப்படிப் பார்த்திருப்பான்? நானாக இருந்தால் அந்தப் பார்வையைத்தான் முதலில் போடுவேன்.

முந்தின அதிகாரத்தையும் விடாதே. யோசேப்பு தன் மூத்தவன் மனாசேயைத் தகப்பனின் வலக்கைப் பக்கமும், இளையவன் எப்பிராயீமை இடக்கைப் பக்கமும் நிறுத்துகிறான். பார்வை மங்கிய கிழவர் கைகளைக் குறுக்காக மாற்றி, வலக்கையை இளையவன் தலைமேல் வைக்கிறார். தடுமாறிவிட்டார் என்று யோசேப்பு அந்தக் கையைப் பிடித்து நகர்த்தப் பார்க்கிறான். அவர் மசியவில்லை, தெரிந்தேதான் செய்கிறார். கண் தெரியாத தகப்பனிடம் ஆட்டுத்தோல் போர்த்த கையோடு போய், அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தைத் தட்டிவந்த இளையவன்தானே இவரும்! இத்தனை வருஷமும் அந்தக் கையில் இருக்கிறது.

ரெம்பிராண்ட் 1656-ல் வரைந்த இந்தக் காட்சி ஜெர்மனியின் காசல் நகரில் இருக்கிறது. அதில் கைகள் குறுக்கே போகவில்லை. வேதத்தில் அந்த இடத்தில் பேசப்படாத மருமகள் ஆஸ்நாத்தும் அமைதியாக நிற்கிறாள். ரெம்பிராண்ட் கடனில் நொடித்துப்போன ஆண்டு அது. வீட்டுக்குள்ளாவது சண்டை வேண்டாமென்று நினைத்தாரோ என்னவோ.

பன்னிரண்டு முகம் உன்னைத் திணறடித்தால் ஓவியர் சகாலைப் பார். எருசலேமில் ஹதாஸா மருத்துவமனை ஜெப ஆலயத்துக்கு 1962-ல் அவர் தந்த பன்னிரண்டு வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் மனித உருவமே கிடையாது. மிருகமும் பறவையும் நிறமும்தான். ரூபனுக்கு நீலம்.

கடைசியாக ஒன்று. யோசேப்பு வருகிறான் என்றதும் கிழவர் திடப்படுத்திக்கொண்டு கட்டிலில் எழுந்து உட்காருகிறார். எல்லாருக்கும் சொல்லி முடித்து, மக்பேலா குகையில் அடக்கம்பண்ணக் கட்டளையும் கொடுத்த பிறகுதான் கால்களைக் கட்டிலின்மேல் மடக்கிக்கொள்கிறார். அதுவரை அந்தக் கால்கள் எங்கே இருந்தன? உன் படத்தில் போர்வைக்குள் இருக்கின்றன. அழித்துவிட்டுத் தரையில் ஊன்றி வை.